குனியாதே என்று சொல்லும் காகிதம்

கோவையில் நாள்பட்ட இடுப்பு வலிக்காகப் பிசியோதெரபி நிலையத்துக்குப் போய்வந்த பெண்களிடம் ஒரு காகிதம் இருக்கும். ஜெராக்ஸ் எடுத்து எடுத்துக் கோடுகள் மங்கிப்போன தாள். ஒரு பக்கம் செய்யக்கூடியவை, செய்யக்கூடாதவை. மறுபக்கம் பத்துப் பன்னிரண்டு உடற்பயிற்சிப் படங்கள். சில ஆண்டுகளாக இவற்றைச் சேர்த்துவருகிறேன். சித்தி கொடுத்தது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, மாணவிகள் தங்கள் அம்மாக்களிடமிருந்து வாங்கிவந்தது, என் கையிலேயே ஒரு நிலையத்தில் திணிக்கப்பட்டது என்று பதினான்கு தாள்கள் இருக்கின்றன. சிங்காநல்லூர், பொள்ளாச்சி, திருப்பூர், கோபி என்று ஊர்கள் வேறு. தாள் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள். ஒரு பிரதி கைக்கு வந்தால் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எதைப் பேசாமல் விடுகிறார் என்று கேட்டுப் பழகியவள். அந்தக் கேள்விகளை இந்தத் தாளிடமும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. என் சித்தி வாழ்நாளில் ஒரு நாவலும் படித்ததில்லை. இந்தத் தாளைப் பூஜையறை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார். இவ்வளவு மரியாதையோடு வாசிக்கப்படும் எழுத்தை விமர்சகர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது சரியில்லை.

முதலில் கண்ணில் படுவது வினைச்சொற்கள். குனியாதீர்கள், தூக்காதீர்கள், தரையில் உட்காராதீர்கள், சம்மணம் போடாதீர்கள், நீண்ட நேரம் நிற்காதீர்கள், நீண்ட நேரம் உட்காராதீர்கள். எதிர்மறை ஏவல்தான் தாளின் இலக்கணம். அடுத்தது படம். பொருளைத் தூக்குவது எப்படி என்று காட்டும் இடத்தில் பேன்ட் போட்ட ஓர் ஆண், முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, கைப்பிடி வைத்த ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்குகிறான். பதினான்கு தாள்களில் பன்னிரண்டில் அவன்தான். மீதி இரண்டில் குதிரைவால் கொண்டை போட்ட, இறுக்கமான உடற்பயிற்சி உடை அணிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். சேலை கட்டிய உருவம் ஒன்றுகூட இல்லை. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசல் தெளிக்கும் பெண்ணை அந்தத் தாளை வரைந்தவர் யாரும் பார்த்ததே இல்லை போலும்.

அட்டைப்பெட்டி ஒரு விஷயத்தை மறைக்கிறது. அதற்கு அளவான உருவமும் பிடிப்பதற்கு இடமும் உண்டு. இடுப்பளவு உயரத்தில் கொண்டுபோய் வைக்க மேசையும் உண்டு. கொங்கு நாட்டுப் பெண் தூக்குவது எதுவும் அப்படிப்பட்டதல்ல. தண்ணீர்க் குடம் ததும்பும். இடுப்பில் இருக்கும் குழந்தை நெளியும். தோட்டத்தில் பறித்துக் குவித்த வெங்காயத்தைத் தலைக்கு ஏற்ற இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும். மாட்டுக்கு வெட்டிய சோளத்தட்டு வழுக்கும். கிரைண்டர் கல்லைச் சொல்லாமல் விட முடியாது. இந்த ஊர்தான் உலகத்துக்கு வெட் கிரைண்டரைக் கொடுத்தது. 1955-இல் பி. சபாபதி அதை உருவாக்கினார் என்பது கோவையின் பெருமைக் கதைகளில் ஒன்று. புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. ஆட்டுக்கல்லின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்து சுற்றிய கைகளுக்கு அது பெரிய விடுதலைதான், சந்தேகமில்லை. ஆனால் மாவு அரைந்து முடிந்ததும் ஈரக்கையோடு குனிந்து, வழுக்கும் குழவிக்கல்லை வெளியே எடுத்து, கழுவி, மீண்டும் உள்ளே வைக்கிறவர் யார்? சாய்க்கும் கிரைண்டரும் மேசை மேல் வைக்கும் சிறிய கிரைண்டரும் வர எத்தனை ஆண்டுகள் ஆயின? கருவியின் வரலாற்றைக் குழவியைத் தூக்கியவர்களின் இடுப்பிலிருந்து எழுதினால் வேறு மாதிரி இருக்கும்.

ஆக, குனியாதே என்றால் இங்கே என்ன பொருள்? கோலம் போடாதே, சீமாற்றைத் தொடாதே, களை எடுக்காதே, பிள்ளையைத் தூக்காதே என்று பொருள். அதைக் கடைப்பிடிக்க முடியாது என்பது தாளைக் கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அப்படியானால் தாள் செய்யும் வேலை வேறு. வலி மறுபடி வரும்போது குற்றவாளி யார் என்பதை அது முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறது. "குனிய வேண்டாம்னு சொன்னோமில்ல, குனிஞ்சீங்களா?" என்று கேட்டால், தலையைக் கவிழ்த்துக்கொண்டு "ஆமாங்" என்பதைத் தவிர அவருக்கு வேறு பதில் கிடையாது.

இத்தனைக்கும் அந்தக் கட்டளைக்கு அறிவியல் ஆதாரம் மெலிந்தது. முதுகை வளைத்துத் தூக்குவதால்தான் இடுப்பு வலி வருகிறது, நிமிர்த்தித் தூக்கினால் வராது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2020-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. எவ்வளவு சுமை, எத்தனை முறை, எவ்வளவு களைத்த உடம்போடு என்பவை வேறு கேள்விகள். அவை முதலாளியிடமும் குடும்பத்திடமும் கேட்க வேண்டியவை. தாளோ கேட்பதற்கு எளிதான கேள்வியை எடுத்துக்கொண்டு, கேட்பதற்கு எளிதான ஆளிடம் கேட்கிறது.

இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பல பழைய வீடுகளின் ஓடுகளை எடுத்துக் கட்டிய கொட்டகை மாதிரி இருக்கிறது. மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைக்கும் பயிற்சி, அமெரிக்க எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ் 1937-இல் வெளியிட்ட முறையிலிருந்து வந்தது. முதுகை முன்னுக்கு வளைப்பதே மருந்து என்றார் அவர். குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்கும் பயிற்சி நியூசிலாந்துப் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சியுடையது. 1956-இல் அவரிடம் வந்த நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துக் கிடந்தார்; சிறிது நேரத்தில் கால் வலி குறைந்துவிட்டது. அதிலிருந்து ஒரு முறையே பிறந்தது. பின்னுக்கு வளைப்பதே பெரும்பாலோருக்கு மருந்து என்றது அது. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சொன்னது நேர் எதிர். நம் தாளிலோ பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகள் ஒரே கல்யாணப் பத்திரிகையில் இருப்பதுபோல ஒருவர் மேலே, ஒருவர் கீழே.

உட்காராதே என்பதன் வேர், 1960-களில் சுவீடனில் ஆல்ஃப் நாக்கெம்சன் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தம் அளந்த ஆய்வுகளில் இருக்கிறது. நிற்கும்போதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுதல் என்றார். பிந்தைய அளவீடுகள் அதை அப்படியே ஆமோதிக்கவில்லை. வயிற்றை உள்ளிழுத்துப் பிடிக்கும் பயிற்சி, 1996-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து வந்த வயிற்றுத் தசை ஆய்வின் வழியில் பரவியது. செய்யக்கூடியவை, செய்யக்கூடாதவை என்ற பட்டியலின் மூதாதை, 1969-இல் ஸ்டாக்ஹோம் அருகே டேண்டரிட் மருத்துவமனையில் மரியான் சக்ரிசன் ஃபோர்செல் என்ற பெண் பிசியோதெரபிஸ்ட் தொடங்கிய முதுகுப் பள்ளி. அங்கே அது ஒரு வகுப்பு. எதிரே உட்கார்ந்து பேசி, கேள்வி கேட்டு, செய்துகாட்டி நடந்தது. நம்மிடம் வந்துசேரும்போது வகுப்பு போய் நோட்டீஸ் மட்டும் மிஞ்சியது.

இந்தத் தொழிலின் அடித்தளத்தில் பெண்கள் இருப்பதை மாணவிகளுக்குச் சொல்ல வேண்டும். 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர்கள் மசாஜ் செய்பவர்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மசாஜ் என்றாலே விபச்சாரம் என்று செய்தித்தாள்கள் எழுதிய காலம் அது. தொழிலின் மானத்தைக் காக்க அவர்கள் கடும் விதிகள் போட்டுக்கொண்டார்கள். மருத்துவரின் உத்தரவுக்குக் கீழேயே வேலை செய்வோம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சங்கம்தான் பிரிட்டனின் இன்றைய பிசியோதெரபி சங்கமானது. மானத்துக்கும் கீழ்ப்படிதலுக்கும் இடையில் போடப்பட்ட அந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. நான் பார்த்த நிலையங்களில் பெண் உடம்பைத் தொட்டு வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண்கள். நாலரை வருடம் படித்தவர்கள். மேலே இருப்பவர் எழுதிக்கொடுத்த சீட்டில் இருக்கும் மெஷினை வைப்பதே அவர்கள் நாளின் பாதி. அவர்களிடம் கோபப்பட எனக்கு மனம் வருவதில்லை.

மெஷின் அறைக்கு வருவோம். இடுப்பில் பட்டை கட்டி எடை போட்டு இழுப்பது, ஜெல் தடவி அல்ட்ராசவுண்டு தேய்ப்பது, பட்டைகளை ஒட்டிக் கரண்ட் வைப்பது. பத்து நாளுக்கு ஒரு பேக்கேஜ். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், குறிப்பிட்ட நோய் எதுவும் காரணமாகத் தென்படாத வலியைப் பற்றியது அது. இத்தகைய வலிகளில் சுமார் 90 சதவீதம் இந்த வகைதான். இழுவை, அல்ட்ராசவுண்டு, டென்ஸ் எனப்படும் கரண்ட் சிகிச்சை, இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று அது சொல்கிறது. வேண்டும் என்று சொல்வது வலியைப் பற்றி விளக்கிச் சொல்லும் கல்வி, உடற்பயிற்சி, கைமுறைச் சிகிச்சைகள் சில, மனம் சார்ந்த சிகிச்சை, தேவைப்பட்டால் வீக்கம் குறைக்கும் மாத்திரை. எந்த வகை உடற்பயிற்சி என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. தொடர்ந்து செய்வதுதான் பலன் தருகிறது.

இதை வைத்துக்கொண்டு மெஷின் அறையைக் கிண்டல் செய்வது எளிது. படித்தவர்கள் செய்கிறார்கள். ஆனால் சூலூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஓர் அக்கா என்னிடம் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தக் கிண்டல் கசந்துவிட்டது. "மெஷினு என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாதுங் கண்ணு. பகல்ல நானு படுக்கறது அந்த இருவது நிமிசந்தான். எந்திரின்னு சொல்ல ஆருமில்ல." வீட்டில் படுத்தால் சோம்பேறி. மெஷினுக்கு அடியில் படுத்தால் நோயாளி. மருத்துவம் முத்திரை குத்தினால் மட்டுமே பெண்ணுக்கு ஓய்வு செல்லுபடியாகும் என்றால், அந்த மெஷின் ஒரு வேலையைச் செய்கிறதுதான். எந்த ஆய்வும் அளக்காத வேலை. அதைப் பிடுங்கிவிட்டு "வீட்டில் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று அனுப்பும் சீர்திருத்தம், பதிலுக்கு என்ன கொடுக்கிறது?

அடுத்து, சொற்கள். ஸ்கேன் எடுத்துவந்த பெண்ணுக்குத் தமிழில் சொல்லப்படுபவை மூன்றே மூன்று: தேய்மானம், ஜவ்வு விலகல், நரம்பு அழுத்தம். சோப்பு தேயும், செருப்பு தேயும், தேய்ந்தது திரும்ப வளராது. அந்த உவமையை முதுகெலும்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினால் அவர் ஒவ்வோர் அடியையும் மிச்சப்படுத்தித்தான் வைப்பார். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. வலியில்லாத 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு இந்தத் 'தேய்மானம்' இருந்தது. 80 வயதினரில் 96 சதவீதம். நரையைப் போல அது. தலை நரைத்திருக்கிறது என்பதை வைத்துத் தலைவலிக்குக் காரணம் சொல்வதில்லை நாம். கோவை முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பேர்போன ஊர். முதுகெலும்புத் தட்டு பற்றிய ஆராய்ச்சியில் கங்கா மருத்துவமனையின் பெயர் உலக அளவில் தெரிந்தது. அந்த அறிவு அத்தனையும் தேவைதான். ஆனால் நாள்பட்ட இடுப்பு வலியோடு வரும் பெரும்பாலான பெண்களுக்கு முதலில் தேவைப்படுவது படம் அல்ல.

யாருக்குப் படம் தேவை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தாள்களில் பலவும் அதைச் சொல்வதில்லை. சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போனால், அடைத்துக்கொண்டால், தொடையிடுக்கில் மரத்துப்போனால், கால் பலமிழந்து தொய்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு வந்த புற்றுநோய், காசநோய், மாதவிடாய் நின்ற வயதில் சின்ன விழுதலுக்குப் பின் வந்த கடும் வலி இவையும் பொறுக்கக் கூடாதவை. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் அரிதான கதையல்ல. பெண் வலி என்றால் பொறுத்துக்கொள் என்று வளர்க்கப்பட்டவர்களிடம் இதைத் தாளின் முதல் வரியில் அச்சிட வேண்டும்.

இனி, நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம். "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டதுல இருந்துதானுங்க." பொள்ளாச்சியில் கேட்டிருக்கிறேன், அவிநாசியில் கேட்டிருக்கிறேன், கல்லூரி ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன். மருத்துவர்கள் இதை மூடநம்பிக்கை என்கிறார்கள். பிரசவ வலிக்கு முதுகில் மருந்து செலுத்தப்பட்ட பெண்களையும் செலுத்தப்படாத பெண்களையும் ஒப்பிட்ட ஓர் ஆங்கில ஆய்வு 2002-இல் வந்தது, 369 பெண்கள். ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இடுப்பு வலியில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம், பத்து ஆண்டு வலிக்கு அது காரணமாவதற்குச் சான்று இல்லை என்பதுதான் இன்றைய நிலை. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை ஊசியைப் பற்றியதாக மட்டும் படிப்பது மோசமான வாசிப்பு.

தமிழ்நாட்டில் 2019-21-இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். அந்த அறையில் பெரும்பாலான பெண்ணுக்கு என்ன செய்யப்படுகிறது, ஏன் என்று சொல்லப்படுவதில்லை. வளைந்து படு, அசையாதே, அவ்வளவுதான். அதற்குப் பின் வெட்டுப்பட்ட வயிறு தேறும் முன்பே பிள்ளையைத் தூக்கி, தூக்கமில்லாமல், மூன்றாம் மாதத்தில் முழு வீட்டுவேலைக்கும் திரும்பிய உடம்பு அது. அந்த நீண்ட காலத்துக்குத் தேதி கிடையாது, ஊசிக்குத் தேதி உண்டு. "ஊசி போட்டதுல இருந்து" என்பதை, "என்னைக் கேட்காமல் என் உடம்பில் வேலை நடந்த நாளிலிருந்து" என்று நான் படிக்கிறேன். நல்ல பிசியோதெரபிஸ்ட் அந்த வாக்கியத்தைத் திருத்துவதற்கு முன் அதற்குப் பின்னால் இருக்கும் கதையைக் கேட்பார். கேட்காமல் விட்டால் வேறு யாராவது வேறு விடை வைத்திருப்பார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இடுப்பு வலி போய்விடும் என்ற ஆலோசனை நம் கிராமங்களில் இன்னும் நடமாடுகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் அது எங்கே போய் முடிந்தது என்பது 2019-இல் நாடறிந்த செய்தியானது.

புதிய பிசியோதெரபி இந்தப் பழைய தாளிலிருந்து நிறைய விலகி வந்திருக்கிறது. வலி என்பது சேதத்தின் அளவுகோல் அல்ல. தூக்கம், பயம், கவலை, வேலை, கடந்த அனுபவம் எல்லாம் சேர்ந்து நரம்பு மண்டலம் எழுப்பும் எச்சரிக்கை என்கிறது. பயந்து ஒதுக்கிய அசைவுகளை மெல்ல மெல்ல மீட்டுக்கொடுக்கிறது. குனியாதே என்பதற்குப் பதில், வா, குனிந்து பார்ப்போம் என்கிறது. ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் இந்த முறையைச் சோதித்த ஆய்வு 2023-இல் லான்செட் இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சையைவிட நல்ல முன்னேற்றம், ஓராண்டு வரை நிலைத்தது. எனக்கு இது பிடித்திருக்கிறது. பெண்ணுடம்பை உடையக்கூடிய பாத்திரமாகப் பார்க்காத முதல் மருத்துவ மொழியாக இது எனக்குப் படுகிறது.

ஆனால் இது தமிழில் இறங்கும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. கவலையும் ஒரு காரணி என்ற ஆய்வு வாக்கியம், கோவையின் கன்சல்டிங் அறையில் மூன்றே நிமிடத்தில், "உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா, எல்லாம் மனசுதான்" என்று ஆகிவிடுகிறது. கூட வந்த கணவர் அதைக் கேட்டுக்கொள்கிறார். வீட்டுக்குப் போனதும் அந்த வாக்கியம் அவர் கையில் இருக்கும். மருத்துவத்துக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. ஸ்காட்லாந்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் கார்டன் வாடல் 1980-இல் உடல் காரணத்தோடு பொருந்தாத வலிக்குறிகள் சிலவற்றைப் பட்டியலிட்டார். இவை நடிப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல என்று பின்னாளில் அவரே எச்சரித்தார். ஆனாலும் பல நாடுகளில் இழப்பீட்டு வழக்குகளில் அது நடிப்பைப் பிடிக்கும் கருவியாகவே பயன்பட்டது. கருத்து நல்லதாக இருந்தாலும் அது யார் வாயில், யார் எதிரில் சொல்லப்படுகிறது என்பது சிகிச்சையின் பகுதிதான்.

நம் பக்கத்திலும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பெண்ணியக் கூட்டங்களில் இடுப்பு வலி என்றதும் ஆணாதிக்கம், சுரண்டல் என்று பேசி முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். சுரண்டல் ஒழிந்த பிறகு சரியாகும் என்று ஒரு பெண்ணிடம் சொல்வதும், எல்லாம் மனசுதான் என்று சொல்வதும் அவருக்கு ஒன்றுதான். இரண்டுமே இன்றைக்கு ராத்திரி எப்படிப் புரண்டு படுப்பது என்று சொல்வதில்லை. வலுவான தொடையும் முதுகும், பயமில்லாத அசைவும் ஒரு பெண்ணுக்குச் சொத்து. அதைக் கற்றுத்தரும் தொழில் நம் கூட்டாளி.

நடையை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவிலேயே 701 பேரை வைத்து நடந்த நடைப்பயிற்சி ஆய்வு 2024-இல் வந்தது. ஒருமுறை வலி வந்து குணமானவர்கள் வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் நடக்கும் அளவுக்குப் படிப்படியாகப் பழகினார்கள். வலி திரும்பி வர அவர்களுக்கு இடைநிலையாக 208 நாள் ஆனது. நடக்காத பிரிவுக்கு 112 நாள். பங்கேற்றவர்களில் 81 சதவீதம் பெண்கள். செலவில்லாத சிகிச்சை, கருவி வேண்டாம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். செலவில்லை என்பது யார் கணக்கு? ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை ஆறு மணிக்கு ஷூ போட்டு நடக்கும் பெண்ணுக்குப் பின்னால், அதே நேரத்தில் அவர் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கும் இன்னொரு பெண்ணின் இடுப்பு இருக்கிறது. தோட்டத்து வீட்டு மருமகள் சாயங்காலம் சும்மா ரோட்டில் நடந்தால், "எங்க அம்மிணி போற?" என்று ஐந்து வீட்டில் கேட்பார்கள், "நடக்கறக்கு" என்பது பதிலாகாது. நகரைக் கூட்டிப் பெருக்கும் அருந்ததியர் பெண்களுக்கு ஊரின் எந்தத் தெருவில் எந்த நேரத்தில் வேலைக்கல்லாமல் நடக்கலாம் என்பது இன்னும் சிக்கலான கேள்வி. நூற்பாலையில் ரிங் ஃபிரேமின் ஓரமாகவே ஒரு ஷிஃப்ட் முழுக்க நடந்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் பெண்ணிடம் நடையைப் பரிந்துரைத்தால் அவள் சிரிப்பாள். நடை மருந்தாவதற்கு அது தன் விருப்பத்தில் நடந்த நடையாக இருக்க வேண்டும்.

"வீட்டில் செய்கிறீர்களா?" என்பது பிசியோதெரபியின் நிரந்தரக் கேள்வி. பதில் இல்லை என்றால் ஒத்துழைக்காத நோயாளி. இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019-இல் ஊதியமில்லாத வீட்டுவேலையில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகக் கணக்கிட்டது. 2024-இல் அது 289-க்கு 88. ஐந்து ஆண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பத்துப் பயிற்சி, ஒவ்வொன்றும் பத்து முறை, மூன்று வேளை என்று தாள் கேட்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த மணி நேரத்தை யாருடைய 88 நிமிடத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்பது என்று தாளில் ஒரு வரி இருந்தால் நான் அதைப் புரட்சிகரப் பிரதி என்பேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். பெண் தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் போய்ச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கும் முதியோருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தாளில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: சிகிச்சை சொல்பவர் அந்த வீட்டின் சமையல் மேடை எவ்வளவு உயரம், தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, கட்டிலில் படுப்பவர் யார், தரையில் படுப்பவர் யார் என்று கண்ணால் பார்க்கிறார். இடுப்பு வலிக்கு இதைவிட நல்ல ஸ்கேன் இல்லை. ஆனால் நடமாடிக்கொண்டு, சம்பாதித்துக்கொண்டு, வலியோடு இருக்கும் நாற்பது வயதுப் பெண் அவர்கள் வரும் பகல் வேளையில் வீட்டில் இருப்பதில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன் நின்றுகொண்டிருப்பாள்.

அதனால்தான் இடுப்பு வலி சிகிச்சை பற்றி அண்மையில் தமிழில் எழுதப்பட்ட நல்ல வரி எது என்று கேட்டால், நான் ஒரு சட்டத் திருத்தத்தைக் காட்டுவேன். 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும். கேரளம் 2018-இல் முந்திக்கொண்டது. அங்கே கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் பி. விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பின் பெண்களும் நடத்திய நீண்ட போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் காலை முதல் இரவு வரை சேலை பிரித்துப் போட்டு நிற்கும் பெண்களுக்கு இது எந்தப் பயிற்சித் தாளையும்விடப் பெரிய சிகிச்சை. இப்போது சில கடைகளில் துணி அடுக்குகளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் முக்காலி தெரிகிறது. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மேற்பார்வையாளர் எப்படிப் பார்ப்பார் என்பதையும் அந்தப் பெண்களிடம் கேட்டால் சொல்கிறார்கள்.

தொழிற்சாலைப் பெண்களுக்கு இது புதிய உரிமையே அல்ல என்பது பலருக்குத் தெரியாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆம் பிரிவிலேயே, நின்று வேலை செய்வோருக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று எழுதிவைத்தது. வேலைக்கு நடுவே ஓய்வுக்கு வாய்ப்பு நேர்ந்தால் பயன்படுத்திக்கொள்வதற்காக என்று அதிலேயே ஒரு நிபந்தனையும் இருந்தது. ரிங் ஃபிரேமில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஒரு பெண்ணின் பொறுப்பில் எத்தனை ஃபிரேம் என்பதை நிர்வாகம் முடிவுசெய்யும். அந்த எண்ணிக்கை ஏறும்போது ஓய்வுக்கு வாய்ப்பு நேருவதில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும் அவளுக்கும் நாம் அதே ஜெராக்ஸ் தாளைத்தான் கொடுக்கிறோம். நீண்ட நேரம் நிற்காதீர்கள் என்பது அதில் ஐந்தாவது வரி.